கேட்கத் தெரிந்த பிள்ளைகள்

(பொன்னேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'இளைஞரும் வேலையும்' என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். அதை நான் கொஞ்சம் குறுக்கிக்கொண்டேன். வேலை வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிடைத்த வேலை நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கவும், நடக்காதபோது பணிவு குறையாமல் ஆனால் தலை குனியாமல் கேட்கவும், தனக்காக மட்டுமின்றிப் பக்கத்தில் நிற்பவருக்காகவும் கேட்கவும் யார் சொல்லித்தருகிறார்கள்? அடிபட்டால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அடிபட்டால் கோபம் வரும். கேட்கும் திறன் வராது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கான கல்வி இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே நெடுநாளாக இருக்கிறது என்பதையும், அது யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே இன்று பேச விரும்புகிறேன்.

அந்தக் கல்வி நடந்த இடம் பாடு. பாடு என்றால் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில்தான் இறால் அதிகம். அங்கே சுத்து வலை போடுவதற்கு நல்ல இடங்கள் குறைவு. போட விரும்பும் குடும்பங்களோ அதிகம். வலுத்தவன் முந்திக்கொண்டால் மற்றவன் அடுப்பு எரியாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டன. இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். ஊருக்குள்ளும் சீட்டுக் குலுக்கித்தான் இடம். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி சுற்றி வரும். முறை தவறியவரை ஊர்க் கூட்டம் கூப்பிட்டுக் கேட்கும், தண்டம் போடும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதேபோலச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் வழக்கம் உண்டு. அங்கே அரசு அதைச் சட்ட விதியாகவே ஏற்றுக்கொண்டது. இங்கே அது ஊராரின் வாய்மொழியிலும் கட்டுப்பாட்டிலும் நிற்கிறது.

பொருளாதார அறிஞர்கள் பாட்டை வள மேலாண்மை என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு அதில் முதலில் தெரிவது வேறு. வேலையைப் பங்கிடுவது பேச்சுக்கு உட்பட்ட விஷயம், தலைவிதி இல்லை என்று ஒரு சமூகம் முடிவு செய்திருக்கிறது. யாருக்கு எந்த இடம், எத்தனை நாள், தகராறு வந்தால் யார் முன்னால் நிற்பது, எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டிய முறையும் இருக்கிறது. யாரும் இடையில் வெட்டிப் பேசக் கூடாது. பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது. போன முறை என்ன தீர்ப்பு என்பதை ஞாபகம் வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். கரையில் வளர்ந்த ஆண்பிள்ளை இதைப் பார்த்தே பழகினான். வழக்கு உரைப்பதில் அவனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

ஆண்பிள்ளை என்று தெரிந்தேதான் சொன்னேன். பாட்டில் பங்கு தலைக்கட்டுக்குத்தான். அதாவது ஊருக்கு வரி கட்டும், அந்த மீனவச் சமூகத்து ஆணுக்கு. வலையில் விழுந்த இறாலைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, கூடை சுமந்து விற்றுவரும் பெண்ணுக்குக் கூட்டத்தில் இடமில்லை. பாடு இல்லாத ஊர்களுக்கும் இடமில்லை. அவர்கள் பங்கு கேட்டு நின்ற வரலாறும் உண்டு. இருளர் பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதால். சிப்பி கிழித்த விரலோடு கரையேறுகிறவர்களிடம் ஏரியைப் பற்றி எந்தக் கூட்டம் கருத்துக் கேட்டது? பாட்டின் நியாயத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது பாதி காலியாகிவிட்டது. முகத்துவாரம் தூர்ந்து போகிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1970-களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் பெயர்ந்தன. தெற்கே வட சென்னை அனல்மின் நிலையம், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்ததற்கெல்லாம் விலையாகச் சொல்லப்பட்டது வேலை. ஊரைக் காலி செய்து கொடுத்த காட்டுப்பள்ளிக் குப்பத்தார் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ளே போய், நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் வாசலில் நின்றார்கள். இதைப் பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தலாம்.

இன்று விடியற்காலையில் பொன்னேரி வழியாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, மணலிக்கு, ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு. அதில் தூங்கி வழிந்துகொண்டு போகிறவர்களில் நம் குப்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அம்மா கூடை சுமந்தவள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு லைனில் நிற்கிறாள். அப்பாவுக்குப் பாடு இருந்தது, கூட்டம் இருந்தது, தகராறு வந்தால் முறையிட ஓர் ஆலமர நிழல் இருந்தது. மகளுக்கு சூப்பர்வைசர் இருக்கிறார். அவருக்கு மேலே காண்ட்ராக்டர் இருக்கிறார். அதற்கு மேலே யார் என்று அவளுக்குத் தெரியாது. கரையில் இருந்த கூட்டம் கம்பெனி வாசலுக்கு வரவில்லை.

அப்படி ஒரு கூட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி அருகே விடுதியில் சாப்பிட்ட உணவு ஒவ்வாமல் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களின் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். விடுதிக்கு ஒரு பெண்ணாவது, 'இவள் எங்களுக்காகப் பேசுவாள்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பெண்ணாக இருந்திருந்தால், சாப்பாடு கெட்டது முதல் நாளே நிர்வாகத்தின் மேசைக்குப் போயிருக்கும். மருத்துவமனையில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பட்டியல் வந்திருக்கும். பேச ஆள் இல்லாத இடத்தில் வதந்திதான் பேசும்.

அதே வட்டாரத்தில் 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் வேறு மாதிரி நடந்தது. 37 நாள். முதன்மைக் கோரிக்கை கூலி உயர்வுகூட இல்லை. எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கைக்கு வந்தது. சங்கம் வைக்க உரிமை அரசியல் சாசனம் தந்தது. அதைக் காகிதத்தில் பெறுவதற்கு அவர்கள் பட்ட பாட்டை இங்கே ஒவ்வொரு பிளஸ் டூ மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழவேற்காட்டுக்கு இதில் ஒரு தனிப்பட்ட பொறுப்பு இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் டச்சுக் கல்லறையில் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையிலிருந்து துணி மட்டுமா போயிற்று? 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நொந்த சோழமண்டலக் கரை மக்களை அடிமைகளாக வாங்கி, இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மனிதன் விலைச் சரக்காக நின்ற கரை இது. உழைப்பு ஒரு சரக்கு இல்லை என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944-இல் பிலடெல்பியாவில் அறிவித்தது. அதே அமைப்பு 1999-இல், ஹுவான் சோமாவியா தலைமைப் பொறுப்பேற்ற ஆண்டில், கண்ணியமான வேலை என்ற இலக்கை உலகின் முன் வைத்தது: வேலை இருக்க வேண்டும், அதில் உரிமை இருக்க வேண்டும், நோய்க்கும் முதுமைக்கும் காப்பு இருக்க வேண்டும், பேசித் தீர்க்க இடம் இருக்க வேண்டும். நான்காவதுதான் மற்ற மூன்றையும் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து.

சரி, பயிற்சி என்றால் என்ன செய்வது? மேடை போட்டு என்னைப் போன்றவர்கள் பேசுவது பயிற்சி இல்லை. குப்பங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இளைஞர்களோடு உட்காரும் பழக்கம் எனக்கு உண்டு. சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் பத்தே நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடுவார்கள். அதனால் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவோம்.

ஒரு தங்கை சீட்டை நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 ரூபாய். மற்ற படிகள் 4,600. மொத்தம் 15,000. பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், 1,248. இ.எஸ்.ஐ. 113. இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. 'நீ கட்டுவது 12 சதவீதம். கம்பெனி கட்டுவது எவ்வளவு? கட்டினதா என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டால் அமைதி. கம்பெனியின் பங்கும் அதேதான், உன் யு.ஏ.என். எண்ணோடு இணைந்த கைபேசியிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும் என்று சொன்னதும் அங்கேயே பாதிப் பேர் போனை எடுப்பார்கள். இம்முறை எடுப்பது வேறு காரணத்துக்காக. சிலருக்குப் பணம் ஏறியிருக்கும். சிலருக்குப் பிடித்தம் மட்டும் இருக்கும், இருப்பு இருக்காது. அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வரி ஓ.டி. சீட்டில் ஓ.டி. என்றே இருக்காது, 'இன்சென்டிவ் 900' என்று இருக்கும். எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றாய் என்று கேட்டால் '20 மணி நேரம் இருக்கும்ணா' என்பாள். இப்போது கணக்குப் போடச் சொல்வோம். படிகளை விட்டுவிட்டு 10,400-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும், 26 நாளால் வகுத்தால் 400, எட்டு மணியால் வகுத்தால் 50. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மணிக்கு 100 ரூபாய். 20 மணிக்கு 2,000. கையில் வந்தது 900. இந்தக் கணக்கை யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டக் கூடாது. அவளே போட வேண்டும். 1,100 ரூபாய் எங்கே என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

கணக்கு தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. அதைச் சொல்லும் விதம் இருக்கிறது. ஒருவரை மேலாளராக உட்கார வைத்து, இன்னொருவரைக் கேட்கச் சொல்வோம். முதல் முறை பெரும்பாலும் இரண்டு விதம்தான் நடக்கும்: ஒன்று அழுகை, அல்லது சண்டை. பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வார்கள். தனியாகப் போகாதே, மூன்று பேராகப் போ. முதலில் பேசுகிறவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். தேதியும் நேரமும் எழுது. 'எல்லோரும் சொல்கிறார்கள்' என்று சொல்லாதே. இத்தனை பேர், இந்த மாதம், இத்தனை மணி நேரம் என்று சொல். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால் 'எந்தத் தேதிக்குள்?' என்று கேள். பதில் வரவில்லை என்றால் எழுத்தில் கொடு, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. கேட்க எளிது. இருபது வயதில், வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு, குரல் நடுங்காமல் இதைச் செய்யப் பலமுறை பழக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு: 480. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். இந்தியாவில் பல மாநிலத்தாருக்கு இப்படி ஒன்று கிடையாது. நமக்கு இருக்கிறது, அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு நடுவில் 'பிரேக்' கொடுக்கிறார்கள், காண்ட்ராக்டர் பெயரை மாற்றுகிறார்கள், பயிற்சியாளர் என்று பெயர் சூட்டி வருடக்கணக்கில் லைனில் நிறுத்துகிறார்கள். எந்த நாளில் சேர்ந்தேன், எந்த நாளில் நிறுத்தினார்கள், யார் பெயரில் சம்பளம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் ஆயுதம். எழுதாத பிள்ளைக்கு அது இருந்தும் இல்லை.

பெல்ஜியத்தில் ஒரு தொழிலாளர் வீட்டில் பிறந்த பாதிரியார் ஜோசப் கார்டைன், 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியபோது இதே வழியைத்தான் எடுத்தார். ஆலைப் பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, பார், சீர்தூக்கு, செய் என்று மூன்று படி வகுத்தார். தன் வேலையிடத்தில் கண்டதைச் சொல்வது, அது சரியா என்று சேர்ந்து எடைபோடுவது, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்வது. மகிமை மாதா கோவிலுக்குப் போகிற நடுவூர் மாதாகுப்பத்துப் பிள்ளைகளுக்கு இது சமயத்தின் வழியாகவும் எட்டலாம். மற்றவர்களுக்குச் சமயம் இல்லாமலும் எட்டும். மூன்றாவது படியில்தான் முழுப் பலனும் இருக்கிறது. கேன்டீன் தண்ணீர்க் குழாயைச் சரி செய்யச் சொல்லி வெற்றி பெற்ற குழு, அடுத்த மாதம் ஓ.டி.யைக் கேட்கும்.

திண்டுக்கல்லில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்களும் தலித்துகளும் தலைமை தாங்கும் சங்கம், நீதி கேட்டு ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்டு எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களோடும் உடன்படிக்கை ஆயிற்று. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன ஏற்பாடு: 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று ஆலைக்குள்ளேயே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, பாலியல் தொல்லை எது, அதை எப்படிப் பதிவு செய்வது, யாரிடம் கொண்டுபோவது என்று சங்கம் பயிற்சி கொடுத்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே தன் வரிசைக்குப் பொறுப்பு. பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள், நாளெல்லாம் நின்றபடி விற்க முடியாது, உட்கார இருக்கை வேண்டும் என்று கூட்டாகக் கேட்டார்கள். 2018-இல் அங்கே சட்டம் வந்தது; 2021-இல் நம் சட்டமன்றமும் அதேபோல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு நாற்காலிக்கு இத்தனை ஆண்டு பேச வேண்டியிருந்தது என்று வருத்தப்படலாம். பேசியதால் வந்தது என்பதையும் பார்க்கலாம்.

இந்த வகுப்பில் யார் உட்காருகிறார்கள் என்பது பாடத்தை விட முக்கியம். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. என்று பெரிய பெயர்கள். மூன்றே ஆண்டில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் விலகி வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது. குறை அவர்கள் மீது சுமத்தப்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார வைத்தவர்களை வேலைநிறுத்த நேரத்தில் மட்டும் தோளோடு தோள் நில் என்றால் எப்படி நிற்பார்கள்? நூறாண்டு கழிந்தும் இந்தப் பாடத்தை நாம் முழுதாகப் படிக்கவில்லை. 1923 மே முதல் நாளில் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவரைத் தம்மவர் என்று பெருமைப்படும் குப்பங்கள், பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து அதே பாயில் உட்கார வைத்தால் அந்தப் பெருமை நிற்கும்.

இருளர் பிள்ளைகளிடமிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியதும் நிறைய. இந்த மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்கள் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி மீட்கப்பட்டிருக்கின்றன. விடுதலைச் சான்று என்ற ஒரு தாளின் அருமை அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வக்கீல்களுக்கும் தெரியாது. அப்படி மீண்டவர்களே சேர்ந்து நடத்தும் 'சிறகு' என்ற செங்கல் சூளையை 2022-இல் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் உருவாக்கியது. அடிமையாக இருந்த அதே தொழிலில் உரிமையாளராக நிற்பது எப்படி என்று சொல்லித்தர அவர்களை விட்டால் நமக்கு வேறு ஆசிரியர் இல்லை.

பயிற்சி பெற்ற குரல் கம்பெனி வாசலில் மட்டும் பயன்படும் என்று நினைக்க வேண்டாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு முறையும் மீனவ ஊர்கள் குரல் எழுப்பின. மறுபடி ஒருநாள் அறிவிப்பார்கள். அன்றைக்கு மைக் முன்னால் நிற்கும் பிள்ளை, 'வேலை தருவோம்' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டும்: எத்தனை வேலை? யார் பெயரில் சம்பளம், கம்பெனியா காண்ட்ராக்டரா? எத்தனை ஆண்டுக்கு? ஏரியில் இறால் போனால் பறி கவ்வும் பெண்ணுக்கு எந்த வேலை? இதெல்லாம் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? இந்தக் கேள்விகளை வீட்டில் எழுதி, பத்து முறை உரக்கப் படித்துப் பழகியவர் அங்கே திணற மாட்டார்.

பெற்றோர் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. 'எங்க பொண்ணு ஏதோ வேலைக்குப் போயிட்டு வருது, நீங்க கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தா வேலைய விட்டுத் தூக்கிடுவான், கம்பெனியும் ஆந்திராவுக்குப் போயிடும்.' இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் கழிகிறது. ஆனால் ஸ்ரீசிட்டி ஏற்கெனவே ஆந்திராவில்தான் இருக்கிறது. அதிலும் நம் பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள். ஏரிக்கு இரண்டு கரையிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கிறது. இரு கரைப் பிள்ளைகளும் ஒரே பாடத்தைப் படித்தால் இந்தப் பூச்சாண்டி எடுபடாது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். எந்தக் கம்பெனி ஓடிப்போயிற்று?

இப்போது பாடமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அதில் நல்ல அம்சம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு, 300 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கு நிலையாணைகளிலிருந்து விலக்கு என்பவை கவலை தரும் அம்சங்கள். தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். எதிர்ப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். நாளை காலை பஸ் ஏறும் பிள்ளையிடம் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கச் சொல்வது இன்றிரவே செய்ய முடிந்த காரியம்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் மாதம் ஒரு கூட்டத்தில், கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களைப் பேசச் சொல்லுங்கள். பொன்னேரிக் கல்லூரி ஆசிரியர்களும் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களும், 'நான் முதல்வன்' வகுப்பு நடத்துகிறவர்களும், நேர்காணலுக்குக் கை குலுக்கச் சொல்லித்தரும் அதே வாரத்தில் சம்பளச் சீட்டு படிக்கவும் சொல்லித்தாருங்கள். இங்கே இருக்கும் வழக்கறிஞர்களில் ஐந்து பேர் ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் ஒரு வருட வகுப்புக்கு வேறு செலவே இல்லை. தம்பி தங்கைகள் வரும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் ஒரு நோட்டையும் கொண்டு வாருங்கள். சீட்டு தராத கம்பெனி என்றால், வெறும் கையோடு வாருங்கள். சீட்டைக் கேட்டு வாங்குவதிலிருந்து தொடங்குவோம்.